குட்டி இமேஜும் தவம் சேரின் திங்கட்கிழமையும்

போன கிழமை நம்முடைய கணினி திருத்துகிற தொழில்காரர் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "இமேஜ் அஞ்சு ஜிபிக்கு மேல இரிக்கி. டிவிடில போகுதில்ல. யாரிட்டயும் குட்டி இமேஜ் இரிக்கா?" பத்து நிமிடத்துக்குள் ஏழு பேர் "இருக்கு, இருக்கு" என்று கை தூக்கினீர்கள். என்ன மெஷின், யாருடைய மெஷின் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே இரண்டு வார்த்தை எழுதியிருப்பேன். எழுதியிருந்தால் கிழவனைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவீர்கள். அதனால் இருந்து யோசித்து இதை எழுதுகிறேன். யோசித்தும் கோபம் குறையவில்லை. அதைச் சகித்துக்கொள்ளுங்கள்.

நேற்றுத்தான் தொழிலுக்கு வந்தவர்களுக்கும் விளங்கவேண்டும். கணினியை இயக்குகிற மென்பொருள் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டி வைத்திருப்பதைத்தான் இமேஜ் என்கிறோம். அந்தக் கோப்பு வருடத்துக்கு வருடம் கொழுத்து, இப்போது ஒரு டிவிடிக்குள் அடங்காது. அப்போது எங்கோ இருக்கிற எவனோ ஒருவன் அதைத் திறந்து, தன் புத்திக்குத் தேவையில்லை என்று பட்டதையெல்லாம் வெட்டியெறிந்து, டிவிடிக்கு அளவாக்கி, சும்மா எடுங்கள் என்று போட்டுவிடுகிறான். அதுதான் குட்டி இமேஜ். செருப்புக்கு அளவாகக் காலை வெட்டுகிற வேலை. வெட்டினவனை நமக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காலை மாட்டி வாடிக்கையாளரை நடக்கவிடுகிறவர்கள் நாம்.

நான் ஒன்றும் சுத்தமானவன் இல்லை. காத்தான்குடியில் கடை வைத்திருந்த காலத்தில் நானும் அதைப் பயன்படுத்தினேன். அரை மணித்தியாலத்தில் வேலை முடியும், மெஷின் பறக்கும், ஆட்கள் அண்ணன் முறை வைத்து, "நானா, புதுசு மாதிரி ஓடுது" என்று புகழ்வார்கள். தவம் சேரின் லெப்டொப் வரும்வரைக்கும் எனக்கும் அது நல்ல சாமான்தான்.

தவம் சேர் வவுணதீவுப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவர். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. பாடக் குறிப்பு முழுவதும் லெப்டொப்பில். ஒரு காதில் இயர்போன். லெப்டொப் தமிழில் வாசிக்கும், அவர் அதைக் கேட்டுக் கேட்டுப் படிப்பிப்பார். மற்றக் காது வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து கதைக்கிறவனைப் பிடிப்பதற்கு. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் கோலைத் தட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"நானா, இது நடு வகுப்பில வாயப் பொத்திட்டு நிண்டுட்டு. திங்கக்கிழமைக்குள்ள வேணும்."

"என்ன சேர் அவ்வளவு அவசரம்?"

"மேலிடத்தால ஆக்கள் வாறாங்க, நான் படிப்பிக்கிறதப் பாக்க. கண் தெரியாதவன் பத்தாம் வகுப்பக் கட்டி மேய்க்க ஏலாதெண்டு ஆரோ எழுதிப் போட்டிருக்கான். சரிவராட்டி என்னத் தூக்கி நூலகத்தில இருத்துவாங்களாம்."

"நூலகத்திலயா?"

"ஓம். வாசிக்க ஏலாதவனுக்கு ஏத்த இடம்தானே."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழும்பிப் போகும்போது மேசையில் இரண்டு தட்டுத் தட்டிச் சொன்னார்: "இது கதைக்கிறதுதான் முக்கியம் நானா. வடிவு கிடிவு எனக்கு வேணாம்."

அவர் சொன்னதை நான் கேட்டேன். கேட்டுக்கொண்டே அடுத்த மெஷினின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அதைத் திறந்தேன். பாடங்களெல்லாம் டிஸ்கின் மற்றப் பகுதியில் பத்திரமாக இருந்தன. பழுது இயக்க மென்பொருளில்தான். புதிதாக விண்டோஸ் அடித்தால் சரி. என்னிடம் முழு இமேஜ் இருந்தது. அது டிவிடியில் போகாது. பென்னில், அதாவது பென் டிரைவில், போடலாம். ஆனால் அந்தப் பழைய லெப்டொப், பென்னைப் பழைய முறையில் ஃபோர்மட் பண்ணியிருந்தால் மட்டும்தான் அதிலிருந்து எழும்பும். அந்த முறையில் நாலு ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை வைக்க முடியாது. இமேஜுக்குள் இருந்த பெரிய கோப்பு அதைவிடப் பெரிது. வழி இல்லாமல் இல்லை. அந்த ஒரு கோப்பை மட்டும் இரண்டாகப் பிரித்து வைத்தால், ஏறும்போது அதுவே சேர்ந்துகொள்ளும். ஒன்றும் குறையாது. பிரிப்பது வேறு, வெட்டுவது வேறு. இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

ஆனால் பிரிக்க நேரம் எடுக்கும். ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்ட வேண்டும். நாலு மணி பஸ்ஸில் லெப்டொப்பைக் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவதாகப் பேச்சு. மேசை லாச்சியைத் திறந்தேன். குட்டி இமேஜ் அடித்த டிவிடி மேலேயே கிடந்தது.

தொழுகைக்குப் போகுமுன்பே வேலை முடிந்தது. குரலில் வாசிக்கிற மென்பொருளையும் ஏற்றினேன். "முடிந்தது" என்று திரையில் வந்தது. ரோட்டில் வாகனச் சத்தம், பக்கத்துக் கடையில் பாட்டு. ஸ்பீக்கரைப் போட்டு ஒரு சொல்லாவது வருகிறதா என்று நான் பார்க்கவில்லை. திரை பளிச்சென்று இருந்தது, படங்கள் டக் டக்கென்று திறந்தன. லெப்டொப்பைத் துணியால் துடைத்து, பையில் போட்டு, கொண்டக்டரின் கையில் கொடுத்தேன். சேருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்: "எல்லாம் பாத்துத்தான் அனுப்பியிரிக்கன்."

சனிக்கிழமை பொழுதுபட மஃரிபு தொழுதுவிட்டு வரும்போது அவருடைய அழைப்பு.

"நானா, இது உயிரோட இருக்கா, செத்துப்போச்சா?"

"ஏன் சேர்? பட்டனுக்குப் பக்கத்தில நீல லைட் எரியுதா?"



"நல்ல ஆளிட்டக் கேட்டீங்க" என்றார்.

பின்னாலிருந்து அவருடைய மனைவி வசந்தியின் குரல் கேட்டது: "எரியுதெண்டு சொல்லுங்க. எல்லாம் எரியுது. படமெல்லாம் நல்ல வடிவா வருது. சத்தம்தான் இல்ல."

என் வாயிலிருந்து அடுத்து வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம். "அப்ப திங்கக்கிழமை திருப்பி அனுப்புங்க சேர், பாப்பம்" என்றேன். இருபது வருடமாக எல்லோருக்கும் சொன்ன வசனம், அது தானாக வந்துவிட்டது.

"திங்கக்கிழமை எனக்கு வேற ஒரு சோலி இருக்கு நானா" என்றார். அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை வெள்ளென மோட்டர்சைக்கிளை எடுத்துக்கொண்டு வலையிறவுப் பாலத்தைக் கடந்து அவருடைய வீட்டுக்குப் போனேன். குற்றவாளி ஸ்பீக்கராக இருக்கவேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டு போனேன். ஸ்பீக்கர் பழுது என்றால் என் பிழை இல்லை, பாருங்கள். நம்முடைய புத்தி அப்படித்தான் ஓடும்.

பட்டனை அழுத்தி லெப்டொப்பைப் போட்டேன். எழும்பும்போது மணி மாதிரி ஒரு சத்தம் தெளிவாகக் கேட்டது.

"சத்தம் இரிக்கி சேர்."

"இதுக்கு மணியடிக்கத் தெரியுது. கதைக்கத் தெரியல்ல."

குரல் மென்பொருளைக் கழற்றினேன், மறுபடி ஏற்றினேன். முடிந்தது என்றது. ஊமையாக நின்றது. இன்னொரு தரமும் செய்தேன். அப்போதுதான் கையோடு கொண்டுபோயிருந்த அந்த டிவிடியைப் போட்டு அதற்குள் இருந்ததைப் பார்த்தேன். ஒரு சின்னக் கோப்பு இருந்தது. எதையெதை வெட்டினோம் என்று வெட்டினவன் நேர்மையாக எழுதி வைத்திருந்தான். அந்த டிவிடியை எத்தனை மெஷினுக்கு அடித்திருப்பேன்! அந்தக் கோப்பை ஒருநாள்கூட நான் திறக்கவில்லை.

நான் பேசாமல் இருப்பதை சேர் பிடித்துவிட்டார். "என்ன வாசிக்கிறீங்க? சத்தமா வாசிங்க."

வாசித்தேன். விளையாட்டுகள். கடிதம் அனுப்புகிற பகுதி. பிற மொழிகள். பேச்சு. பார்வை குறைந்தவர்களுக்கான உதவிகள். கீழே ஒரு வரி: பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாதவை.

"அப்ப நான் தேவையில்லாத சாமான்" என்றார் சேர்.

இந்த இடத்தில் உங்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு வசனம் இருக்கிறது: "மெஷின் பழசு சேர், இனி அப்பிடித்தான்." நம்மில் எல்லோருடைய வாயிலும் அது எந்த நேரமும் தயாராக இருக்கும். என் பல்லுவரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். வசந்தியும் நம்பியிருப்பா. அதற்குள் அவர் கேட்டார்:

"வெள்ளிக்கிழமை எல்லாம் பாத்தன் எண்டீங்களே நானா. என்னத்தால பாத்தீங்க?"

"கண்ணால சேர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அதுதான்."

பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னேன். என்னிடம் முழுச் சாமான் இருந்தது, சோம்பலில் வெட்டினதைப் போட்டேன், பிழை மெஷினில் இல்லை, என்னில்தான் என்றேன். வசந்தி நல்லாக ஏசினா. "அவர் ரெண்டு கிழமையா அந்தப் பாடத்தப் போட்டுப் போட்டுக் கேட்டவர். நீங்க அரை மணித்தியாலத்தில முடிச்சிட்டீங்க. என்ர தம்பியிட லெப்டொப் ஒண்டு இருக்கு, அத வாங்கித் தாறன், நீங்க எழும்பிப் போங்க."

"அது சரிவராது புள்ள" என்று வசந்தியிடம் சொன்னார் சேர். அவருடைய லெப்டொப்பில் சில எழுத்துகளின் மேல் ஒவ்வொரு சொட்டுப் பசை காய்ந்து கிடந்தது. அவருடைய விரல் வழி கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். "நாளைக்கு அவங்களுக்கு முன்னால நான் தடவித் தடவித் தேடிட்டு நிக்க ஏலாது. அவங்க பாக்க வாறதே அதத்தான். நானா, உங்களால ஏலுமா, ஏலாதா? அத மட்டும் சொல்லுங்க."

காலை பத்து மணி இருக்கும். ஏலும் என்று உடனே சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கெட்டது அந்த அவசரத்தால்தான். வசந்தி ஏசி ஏசியே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா. அதைக் குடித்து முடிக்கும்வரை மெஷினைத் தொடாமல் யோசித்தேன். வெட்டின இமேஜுக்கு மேலேயே ஒட்டுப் போட்டுப் பார்க்கலாம். சிலவேளை பேசும். ஆனால் நாளைக்கு நடுப் பாடத்தில் நின்றால்? வேண்டாம். புதிதாக இறக்கலாம் என்றால் அந்தப் பக்கத்து சிக்னலில் அஞ்சு ஜிபி இறங்கச் செவ்வாய்க்கிழமை ஆகும். கடையில் இருக்கிற முழு இமேஜை எடுத்து, முறையாகப் பென்னில் போட்டுக்கொண்டு வருவது ஒன்றுதான் வழி. அப்போதுதான் "ஏலும் சேர்" என்றேன். கிளம்புமுன் பாடங்களை ஒன்றுக்கு இரண்டு இடத்தில் பிரதி எடுத்தேன். அவருடைய பாடத்தை ஒருவனும் புதிதாகச் செய்து தர முடியாது.

கடைக்கு வந்தேன். லாச்சியில் புதுப் பென் ஒன்று, பொதி உடைக்காமல் கிடந்தது. மேலே 64 ஜிபி என்று போட்டிருந்தது. பெரிய கோப்பைப் பிரித்து அதில் எழுதினேன். ஒரு பிழையும் காட்டாமல் எழுதி முடிந்தது. வெள்ளிக்கிழமை இருந்த ஆளாகவே நான் இருந்திருந்தால் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாலத்தில் ஏறியிருப்பேன். இந்த முறை, எழுதினதைத் திருப்பி வாசித்து, மூலத்தோடு ஒத்துப்பார்க்கப் போட்டுவிட்டுக் குந்தியிருந்தேன். ஒத்துவரவில்லை. அந்தப் பென்னுக்குள் உண்மையில் நாலு ஜிபிகூட இல்லை. நிரம்பினதும் முன்னால் எழுதினதின் மேலேயே திருப்பி எழுதிக்கொண்டு, எல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் சொன்ன மாதிரியே. அதை எடுத்துக் குறட்டால் நசித்தேன்.

அடுத்தது என்னுடைய பழைய பென். கறுத்து, மூடி தொலைந்தது. பல வருடமாக நான் சேர்த்த கருவிகள், டிரைவர் மென்பொருள்கள் எல்லாம் அதில்தான் கிடந்தன. அது பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். அதிலிருந்ததை முழுக்க அழித்தேன். எழுதினேன். திருப்பி வாசித்தேன். ஒத்துவந்தது. இன்னொரு தரமும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பு சேரின் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏற்றத் தொடங்கினேன். சேர் பக்கத்தில் கதிரையில் இருந்து ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். வசந்தி வந்து எட்டிப் பார்த்து, "வெள்ளிக்கிழமையும் இப்பிடித்தான் வடிவா வந்திருக்கும்" என்றா.

முழுவதும் ஏறி, குரலையும் ஏற்றின பிறகு, லெப்டொப்பைச் சேரின் பக்கம் தள்ளினேன். மூடியைப் பாதிக்குச் சாய்த்து, திரை எனக்குத் தெரியாமல் பண்ணினேன். "இப்ப நீங்க பாருங்க சேர்."

அவர் பசைச் சொட்டுகளைத் தடவி எதையோ அழுத்தினார். ஒரு குரல் வந்தது. மழை ஓட்டில் விழுவது மாதிரி, ஒரு சொல்லுக்கும் மற்றச் சொல்லுக்கும் இடைவெளி இல்லாமல்.

"சேர், இது பழுதா? ஒண்டும் விளங்குதில்லயே."

"எனக்கு விளங்குது நானா. இது நான் கேக்கிற வேகம். உங்களுக்காக மெதுவாக்கினா நான் நித்திரையாயிடுவன்."

அந்த வேகத்தில் ஒரு சொல்லையும் என்னால் பிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஸ்பீக்கரைப் போட்டிருந்தால் ஊமை என்றாவது தெரிந்திருக்கும். ஆனால் சரியா பிழையா என்று முழுக்கச் சொல்ல அன்றைக்கும் என்னால் முடிந்திருக்காது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். அந்த ஆளுக்குக் காட்டாமல், பையில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினவன் நான். அவர் நாளைய பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுக் கேட்டார். கேட்டு முடிந்து, இயர்போனைக் கழற்றி, "சரி" என்றார். அதற்குப் பிறகுதான் நான் பையைத் தூக்கினேன்.

திங்கட்கிழமை எனக்குக் கடையில் ஒரு ஸ்குரூவும் ஒழுங்காக ஏறவில்லை. மத்தியானம் அழைப்பு வந்தது.

"நானா, ரெண்டு பேர் வந்தாங்க. பாடம் நல்லாப் போச்சு. மறுகா ஒருத்தர் எழும்பி, இது மனப்பாடம், புதுசா ஒண்டத் தந்தா வாசிச்சுப் படிப்பிப்பீங்களா எண்டு கேட்டு, ஒரு தாள என்ர கையில திணிச்சார்."

"தாளயா?"

"ஓம், தாள். நான் சொன்னன், சேர், உங்கட சாமான் நல்ல சாமான்தான், கொண்டு வந்த பாத்திரம்தான் சரியில்ல, பென்ல தாங்க எண்டு. பிள்ளையள் சிரிச்சிட்டுகள். அவர் போன் பண்ணி, அந்தக் கோப்ப அலுவலகத்தால எடுப்பிச்சு, பென்ல போட்டுத் தந்தார். இது வாசிச்சுது. நான் படிப்பிச்சன். நடுவில கடைசி வாங்கில கதைச்ச ரெண்டு பேரப் பேர் சொல்லி எழுப்பினன். வந்த ரெண்டு பேருக்கும் அது கேக்கவே இல்லயாம்."

"அப்ப நூலகம்?"

"நூலகத்துக்குக் கண் தெரிஞ்ச ஆரையும் பாக்கட்டும்."

அவர் இன்னும் பத்தாம் வகுப்புக்குத்தான் படிப்பிக்கிறார். நான் கடையை விடும்வரை லெப்டொப்பை அவர் பஸ்ஸில் அனுப்பவில்லை. தானே கொண்டுவந்து, பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, தானே கேட்டு, தானே சரி என்று சொல்லிவிட்டுத்தான் போவார். நானும் மற்ற வாடிக்கையாளர்களை அப்படி இருத்தத் தொடங்கினேன். சிலருக்கு எரிச்சல். எரியட்டும்.

தம்பி, குழுவில் நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். இமேஜ் பெரிது என்றால் பெரிய பென் எடுங்கள். பழைய மெஷின் என்றால் கோப்பைப் பிரித்துப் போடுங்கள். பென் எதைச் சொன்னாலும் நம்பாமல் திருப்பி வாசித்துப் பாருங்கள். நேரமில்லை என்றால், இன்றைக்குத் தரமுடியாது என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். அப்படிச் சொல்லி ஒருவனும் சாகவில்லை. குட்டி இமேஜ் வைத்திருக்கிறோம் என்று கை தூக்கின ஏழு பேரும், அதற்குள் கிடக்கிற அந்தச் சின்னக் கோப்பை இன்றைக்கே திறந்து வாசியுங்கள்.

என்னுடைய டிவிடியை அந்த ஞாயிற்றுக்கிழமையே உடைக்கப் போனேன். வசந்திதான் கேட்டு வாங்கிக்கொண்டா. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால், பயறுப் பாத்திக்கு மேலே, நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறா. வெயிலில் பளிச் பளிச்சென்று சுழன்று கிளி விரட்டுகிறது. அந்த வேலைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.